பன்னவேலை (பனையோலையில் பெட்டி, பாய் இழைக்கிற வேலை), நெசவு விழா: ஏற்பாட்டுக் குழுவுக்கு

எல்லாருக்கும் வணக்கம். விழா வாற ஞாயிறு காலை 9 மணிக்குத் தொடங்கும். பொருட்கள் சனி பின்னேரம் 3 மணிக்குள் மண்டபத்துக்கு வந்துசேர வேணும்.

1. ஓலை: குட்டான் (சின்ன ஓலைப்பெட்டி) இழைக்கிற பயிற்சிக்கு 40 பேர். ஒராளுக்குக் கால் அங்குல அகலத்தில் வார்ந்த சார்வோலை (இளம் பனையோலை) 30, கிழிகிறதுக்கும் சேர்த்துத்தான். எல்லாம் ஒரே அகலமாய் இருக்கட்டும். இல்லாட்டி மூலை கோணும், பழகுகிற பிள்ளைகள் தங்கட கைதான் பிழை என்று நினைச்சுப்போடுவினம்.

2. ஓலையைச் சனி இரவே ஊறப்போட வேண்டாம். ஞாயிறு காலை 7 மணிக்குத் தண்ணி தெளித்து ஈரச் சாக்கில் சுற்றுங்கோ. காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். அளவுக்குக் கூட ஊறினதோ, இழைத்துக் காய்ந்தபிறகு சுருங்கி இடைவெளி விடும். ஈர ஓலையைப் பொலித்தீன் பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் கறுப்புப் புள்ளி பிறகு போகாது.

3. மாதுளந்தோல் சாயத்துக்கு அலுமினியச் சட்டி, 2. இரும்புச் சட்டியில் மஞ்சள் வராது, கறுத்துப்போகும்.

4. தறியை வண்டியில் ஏற்றுகிற ஆக்கள்: பாவு நூலை (தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) கொஞ்சம் தளர்த்துங்கோ. இழைகள் மாறிப்போகிற இடத்துக் குச்சிகள் இரண்டையும் கயிற்றால் கட்டுங்கோ. ஒன்று உருவினாலும் இழை ஒழுங்கு குழம்பும்.

5. இழைக்கிற அம்மாமாரிட்டை ஒருத்தரும் விலை குறைக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. அவை சொல்லுகிற விலைதான் அட்டையில்.

யார் எதைக் கொண்டு வாறியள் என்று வியாழன் இரவு 8 மணிக்குள் இலக்கத்தோடு பதில் போடுங்கோ. சாக்கு இன்னும் 6 தேவை.