பாலிஷ் பேட் வாங்கும் முன்

சிங்காநல்லூர்,
கோவை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவன் டிப்ளமோ முடித்த கையோடு, வேலை தேடி அலையாமல், காங்கேயம் ரோட்டிலேயே கார் பாலிஷ் கடை போடுகிறான் என்று படித்ததும் மனது நிறைந்துவிட்டது. தங்கச்சியைப் பயப்பட வேண்டாம் என்று சொல். திருப்பூரில் கார் வைத்திருப்பவர்களுக்கும் பஞ்சமில்லை, அதைப் பளபளவென்று வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கும் பஞ்சமில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து, காலையில் குளக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். சின்னவளுக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறது. தை பிறந்ததும் பேசலாம் என்றிருக்கிறோம். அன்றைக்கு நீ கூட இருக்க வேண்டும்.

இனி பாலிஷ் மெஷினில் மாட்டித் தேய்க்கும் பேட் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவன் வாங்க நினைத்திருக்கும் சாமான்களின் பட்டியலை எழுதியிருந்தாய். கீறலை வெட்டி எடுக்கும் மைக்ரோஃபைபர் கட்டிங் பேட் ஒரு டஜன், பேடில் தடவித் தேய்க்கும் காம்பவுண்ட் பசை மூன்று வகை. மென்மையாக மெருகேற்றும் ஃபினிஷிங் பேட் ஒன்றுகூட இல்லை. வேலையை வேகமாக முடித்துக் கொடுத்தால் வண்டிகள் நிறைய வரும் என்று கணக்குப் போட்டிருப்பான். கணக்கு தப்பில்லை, ஆனால் பட்டியலைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், அவனையும் படிக்கச் சொல்.

காரின் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டியில் இவை அனைத்தும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இல்லை. வெயிலில் நிறம் வெளுக்காமல் காப்பது அந்த மெல்லிய அடுக்குதான். அழுத்தி ஒருமுறை பாலிஷ் போட்டால் அதில் சில மைக்ரான் போய்விடும். போனது போனதுதான், மறுபடி பெயின்ட் அடித்தால் ஒழியத் திரும்பாது. வண்டிக்காரர் அடுத்த பத்து வருடத்துக்கு நம்பியிருக்கும் மூலதனத்தை நாம் எடுத்துச் செலவு செய்கிறோம் என்ற நினைப்பு மெஷினைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நம் ஊர் வண்டிகளில் காணும் கீறல்களில் பெரும்பாலானவை ஆழமானவை அல்ல. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போலத் தெரியுமே, அந்த மேலோட்டமான கீறல்கள்தான். அவை எப்படி வருகின்றன என்பது உன் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் துண்டுத் துணியைக் கிலோக் கணக்கில் விற்கிறார்களே, பனியன் வேஸ்ட் என்று, அதில் ஒரு கைப்பிடி எடுத்து, சொட்டுத் தண்ணீர் விடாமல், புழுதி படிந்த பானெட்டை டிரைவர் காலையில் வட்ட வட்டமாகத் துடைப்பார். துணி பருத்திதான், கைக்கு மெத்தென்றுதான் இருக்கும். ஆனால் அதன் ஓரத்தில் ஓவர்லாக் தையல் கெட்டியாக ஓடுகிறது. அந்தத் தையலுக்கும் பெயின்டுக்கும் நடுவில் மணல் மாட்டிக்கொள்கிறது. தினமும் இப்படித் துடைத்தால் கருப்பு வண்டி ஒரே வருடத்தில் சாம்பல் பூத்துப்போகும். இதை எடுக்கக் கட்டிங் பேட் தேவைப்படாத வண்டிகளே அதிகம்.

போர் தண்ணீரில் கழுவி வெயிலில் உலரவிட்ட வண்டியில் வரும் உப்புக் கறையும் அப்படித்தான். தண்ணீர் கலந்த வினிகரால் கறையை நனைத்து வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவினால் மேலே படிந்திருப்பது கரைந்துவிடும். அதற்குப் பிறகும் வட்டமாகத் தடம் தெரிந்தால்தான் மெஷின்.

மைக்ரோஃபைபர் என்றால் என்ன என்று பனியன் தொழிலில் இருக்கும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டெனியர் என்ற நூல் அளவில் ஒன்றுக்கும் குறைந்த மெல்லிய இழை, பாலியஸ்டரும் பாலியமைடும் (நைலான்) 80க்கு 20 என்றோ 70க்கு 30 என்றோ கலந்தது. இவ்வளவு மெல்லிய இழையை ஜப்பானின் டோரே நிறுவனத்தில் விஞ்ஞானி மியோஷி ஒகமோட்டோ உருவாக்க, 1970இல் மெல்லிய தோல் போன்ற துணியாக வெளியே கொண்டுவந்தார்கள். அந்த இழை இன்று பாலிஷ் பேட் வரை வந்து நிற்கிறது. துணி தெரிந்தவர்களுக்கு அதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

சாதாரண ஃபோம் (ஸ்பாஞ்ச்) பேடில் காம்பவுண்டின் துகள்களில் ஒரு பகுதி துளைகளுக்குள் இறங்கிவிடும். மைக்ரோஃபைபரில் அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான இழை நுனிகள் துகளைப் பிடித்துக்கொண்டு பெயின்டின் மேல் ஓடுகின்றன, இழையும் தன் பங்குக்குத் தேய்க்கிறது. முன்பெல்லாம் ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேட் போட்டு எடுத்த கீறலை, இப்போது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷினிலேயே எடுத்துவிட முடிகிறது என்றால் காரணம் இதுதான். மெகுயர்ஸ் நிறுவனம் டூயல் ஆக்‌ஷன் மெஷினுக்கென்றே கொண்டுவந்த மைக்ரோஃபைபர் பேடுகளில் கட்டிங், ஃபினிஷிங் என்று இரண்டு வகை இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

பேடைக் கையில் எடுத்ததும் எல்லோரும் இழையைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். பெரியவன் அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே இழை, அடியில் வெல்க்ரோ, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபோம் அடுக்கு. பேடின் குணத்தில் பெரும்பங்கு அந்த நடு அடுக்கில் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் இறங்காமல் கெட்டியாக, மெல்லியதாக இருந்தால் அது வெட்டுகிற பேட். மெஷினின் அசைவு வீணாகாமல் அப்படியே பெயின்டுக்குப் போகும், பானெட் போன்ற சமதளத்தில் நன்றாக வேலை செய்யும். தடிமனாகவும் மென்மையாகவும் இருந்தால் அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொண்டு வளைவுகளில் படிந்து போகும், அது ஃபினிஷிங்குக்கு. ரூபஸ் நிறுவனத்தின் மெஷின் போல 15 மி.மீ., 21 மி.மீ. வீச்சு (பேட் ஆடும் தூரம்) உள்ள மெஷின் வாங்குவதாக இருந்தால் ரொம்பத் தடித்த பேட் வேண்டாம். மெஷினின் வீச்சைப் பேடே தின்றுவிடும், மேலே கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

இழை குட்டையாகவும் அடர்த்தியாகவும் இருக்கட்டும். நீளமான இழை பார்க்க அழகு, ஆனால் காம்பவுண்ட் ஏறியதும் சீக்கிரம் படுத்துவிடும். நடுவில் துளை உள்ள பேடாக எடுத்தால் சூடு வெளியேற வழி கிடைக்கும். மைக்ரோஃபைபர் பேட் ஃபோமைவிடச் சூடாகும், அந்தச் சூட்டில்தான் இழைக்கும் ஃபோமுக்கும் நடுவிலுள்ள பசை விட்டுப்போகிறது. அதனால்தான் இதை ரோட்டரியில் போட்டு வேகமாகச் சுற்றக் கூடாது. மெஷினை அழுத்தவும் வேண்டாம். பேடை மாட்டும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியும்வரை அழுத்தம் சரி. கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் கையைத் தளர்த்த வேண்டும்.

அளவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். பேக்கிங் பிளேட்டைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தால் போதும், பிளேட்டின் விளிம்பு பெயின்டில் இடிக்காது. பெரும்பாலான வேலைக்கு 5 அங்குலம், பம்பருக்கும் கண்ணாடி ஓரங்களுக்கும் 3 அங்குலம்.

பணத்தை எங்கே போட வேண்டும் என்றால், ஒரே வகையில் நிறையப் பேட் வைத்திருப்பதில்தான். தேய்ந்த காம்பவுண்டும் உரிந்த கிளியர் கோட்டும் இழைக்குள் சேர்ந்து கெட்டிப்பட்டுவிடும். அதோடு தொடர்ந்து ஓட்டினால் சூடு ஏறும், எடுக்க வந்த கீறலுக்குப் பதில் புதுக் கீறல் விழும். கதவு, பானெட் என்று ஒவ்வொரு பேனல் முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றில் ஊதி, நைலான் பிரஷ்ஷால் இழையை நிமிர்த்திவிட வேண்டும். அப்படியும் ஒரு முழு வண்டிக்கு நான்கு முதல் ஆறு பேட் மாற்ற வேண்டியிருக்கும். விலை உயர்ந்த ஒரே பேடை வைத்து வண்டி முழுக்க ஓட்டுவதைவிட, நடுத்தர விலையில் ஆறு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது பெயின்டுக்கு எவ்வளவோ நல்லது.

அடுத்தது ஃபினிஷிங். மென்மையான பெயின்டில் மைக்ரோஃபைபர் கட்டிங் பேட் கீறலை எடுத்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு மெல்லிய மங்கலை விட்டுப்போகும். வெள்ளை வண்டியில் கண்ணுக்கே தெரியாது. கருப்பிலும் கருநீலத்திலும் மறுநாள் வெயிலில் பளிச்சென்று தெரியும். அதை எடுக்க மென்மையான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வேண்டும். ஆகவே ஃபோம் ஃபினிஷிங் பேட் ஆறு, மைக்ரோஃபைபர் ஃபினிஷிங் ஆறு, கட்டிங் நான்கு, காம்பவுண்ட் ஒரே ஒரு வகை என்று பட்டியலை மாற்றச் சொல். கூடவே பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கட்டும். சாதாரண மீட்டர் எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் காட்டும். ஆனால் ஒரு கதவு 120, பக்கத்துக் கதவு 250 என்று வந்தால் அந்த இரண்டாவது கதவு மறுபடி பெயின்ட் அடித்தது என்று தெரிந்துவிடும். 80க்குக் கீழே வந்தால் அந்தப் பேனலில் கட்டிங் பேடே வைக்க வேண்டாம்.

வண்டி வந்ததும் நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் அழுக்கை இழுத்தெடுக்கும் கிளே களிமண் போட்டு, ரப்பர் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகு, பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தில் முதலில் ஃபோம் ஃபினிஷிங் பேடை ஓட்டிப் பார்க்க வேண்டும். கீறல் போகவில்லை என்றால் மைக்ரோஃபைபர் ஃபினிஷிங். அதற்கும் மசியவில்லை என்றால்தான் கட்டிங். ஒவ்வொரு முறையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்துவிட்டு லைட் அடித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மூடிக் கண்ணை ஏமாற்றிவிடும். நகத்தால் தடவினால் மாட்டுகிற கீறல் இருந்தால் அதை விட்டுவிடட்டும். “இதை முழுதாக எடுத்தால் கிளியர் கோட் போய்விடும்” என்று வண்டிக்காரரிடம் மரியாதையாக, வேலை தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லும் கடையைத்தான் நான் நம்புவேன்.

துவைப்பதைப் பற்றி உனக்கே தெரியும். வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு. துணிக்குப் போடும் சாஃப்ட்னர் கூடவே கூடாது, அது இழை மேல் படிந்து பிடிமானத்தைக் கெடுத்துவிடும். பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். இழை கீழே, வெல்க்ரோ மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தட்டும். பேடைத் தகரக் கூரை மேல் சித்திரை வெயிலில் போட வேண்டாம்.

பணம் கட்டும் முன் அவனை ஒரு சனிக்கிழமை இங்கே அனுப்பு. உக்கடத்தில் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கிய பானெட் ஒன்று ஷெட்டில் கிடக்கிறது, கருப்பு நிறம்தான். அதில் கிளியர் கோட் கிழியும்வரை வேண்டுமென்றே ஓட்டிப் பார்க்கட்டும், எந்த இடத்தில் எப்போது போகிறது என்று கை தெரிந்துகொள்ளும். மெஷினும் பேடும் என்னிடம் இருக்கின்றன, மாற்றுத் துணி மட்டும் எடுத்து வந்தால் போதும். இரவு இங்கேயே தங்கிக்கொள்ளலாம். எந்த பஸ்ஸில் வருகிறான் என்று எழுது, சிங்காநல்லூர் ஸ்டாண்டில் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்