ஜிம் மாஸ்டர்களுக்கு, சுவரில் மாட்டிய படங்களைப் பற்றி

மாஸ்டர்களே, வணக்கம்.

போன வாரம் 19 வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்து நின்றான். ஒன்றரை வருடமாக நாள் தவறாமல் வருகிறவன். "அண்ணா, தினம் பத்து முட்டை, ரெண்டு ஸ்கூப் புரோட்டீன் பவுடர். இன்னும் 64 கிலோதான். எங்கிட்டதான் ஏதோ கோளாறு போல. ஊசி போட்டுக்கலாமா?" பேசியது என்னிடம், பார்வையெல்லாம் சுவரில் இருந்த ஆணழகன் படங்கள் மேல்.

கோளாறு ஒன்றுமில்லை. சேரும்போது அவன் 55 கிலோ. அந்த வளர்ச்சியைப் பாராட்டத்தான் ஆளில்லை.

1995-ல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டீராய்டு (தசையை வளர்க்கும் ஹார்மோன் மருந்து, அவன் கேட்ட ஊசி இதுதான்) போட்டவர்களையும் போடாதவர்களையும் எடுத்துக்கொண்டு, கொழுப்பு நீங்கலான எடையை உயரத்தோடு வைத்துக் கணக்கிட்டது. போடாதவர்கள் ஏறத்தாழ 25 என்ற எண்ணோடு நின்றுவிட்டார்கள். நம் பாஷையில் சொன்னால், 170 செ.மீ. உயரம், 10 சதவீதக் கொழுப்பு, சுமார் 80 கிலோ. அதுவும் நல்ல உடல்வாகும் பல வருட உழைப்பும் சேர்ந்தவனுக்கு. அபூர்வமாக ஒருவர் தாண்டலாம். பெரும்பாலோர் அதற்கு வெகு முன்பே நின்றுவிடுவார்கள்.

அடுத்த வருடம் வந்த இன்னொரு ஆய்வில் 43 ஆண்கள், 10 வாரம். வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றிக்கொண்டு எடையையே தொடாதவர்களுக்குக் கொழுப்பில்லா எடை 3 கிலோவுக்குச் சற்று மேல் கூடியது. மருந்தில்லாத ஊசியோடு ஒழுங்காக எடை தூக்கியவர்களுக்கு 2 கிலோ. சும்மா இருந்தவன் உழைத்தவனை முந்திவிட்டான்! இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. இதை மறைத்துவிட்டு "எல்லாம் முட்டை, சிக்கன், டிசிப்ளின்" என்று நாம் அளக்கும் கதைதான் பையன்களை ஊசிப் பக்கம் தள்ளுகிறது. (பவுடர் டப்பாவில் நமக்கு வரும் கமிஷனைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

நானும் யோக்கியன் இல்லை. 25 வயதில் ஓர் ஆணழகன் போட்டிக்காக 12 வாரம் போட்டேன், மாஸ்டர் கையாலேயே. டாக்டர் கிடையாது, பிளட் டெஸ்ட் கிடையாது. 73 கிலோ 82 ஆனது. அதில் பாதி தண்ணீர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்ததால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை மூடிவிட்டது. ஊசியை நிறுத்திய பிறகு அது திரும்ப எட்டு மாதம் ஆனது. கல்யாணமான புதிது வேறு. வீட்டில் என்னவென்று சொல்வது? மார்க்காம்புக்குக் கீழே வந்த கட்டி அப்படியே தங்கிவிட்டது. இன்றும் டைட் பனியன் போடுவதில்லை. இரத்தம் கெட்டியாவதும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்குவதும், இதயச் சுவர் தடிப்பதும் கண்ணாடியில் தெரியாது.

இதெல்லாம் தெரிந்தே முப்பது வயதுக்காரர் ஒருவர் மேடைக்காகப் போட்டுக்கொண்டால், அது அவர் பாடு. ஆனால் அந்தப் பையன் எதோடு தன்னை ஒப்பிடுகிறான் என்பதே அவனுக்குத் தெரியாது.

படங்களைக் கழற்றச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே உயரம், எடை, எத்தனை வருடப் பயிற்சி, என்ன போட்டார் என்று எழுதி ஒட்டுங்கள். கூச்சமாக இருந்தால் என் படத்திலிருந்து தொடங்கலாம். நுழைந்ததும் இடது பக்கம், டம்பெல் ஸ்டாண்டுக்கு மேலே, நீல டிரங்க்ஸ். 170 செ.மீ., 82 கிலோ, ஆறு வருடம், 12 வாரம் ஊசி.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்