வளையல் சங்கிலியில் பாதி

டிரெஸ்டன்,
டிசம்பர் 4

என் பாசமுள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நானும் அவங்களும் பாப்பாவும் சுகம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? தம்பி வாங்கி வந்த தைலத்தை ராத்திரி தேய்த்துவிட்டுத்தான் படுக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்த வருஷம் மரம் எப்போ வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன். "ஏட்டி, அப்பா இல்லாத வீட்டுக்கு மரம் என்னத்துக்கு?" என்றீர்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்று உடனே போனை வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிட்டிருந்தால் நானும் அழுதிருப்பேன், நீங்களும் அழுதிருப்பீர்கள், சொல்ல வந்தது சொல்லாமலே போயிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே படிக்கிற நம்ம ஊர்ப் பையன் ஒருவன் அடுத்த வாரம் விடுமுறைக்கு வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே இப்போது எட்டு மணிக்குத்தான் விடிகிறது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வந்த புதிதில் இந்த இருட்டு நெஞ்சை அடைத்தது. இப்போது பழகிவிட்டது, அதற்குக் காரணம் ஜன்னல்கள். நவம்பர் கடைசியில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் வளைவாக ஒரு மர விளக்கு வைத்துவிடுகிறார்கள். தெற்கே மலைப்பக்கம் முன்பு வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. இருட்டோடு உள்ளே போய் இருட்டோடு வெளியே வந்தவர்கள் அந்தத் தொழிலாளிகள். சுரங்கத்தில் வருமானம் குறைந்தபோது மரம் கடைந்து பொம்மை செய்ய ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கத்து வீடுகளில் ஆண் பிள்ளைக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி பொம்மை, பெண் பிள்ளைக்கு ஒரு தேவதூதன் பொம்மை என்று கையில் மெழுகுவர்த்தியோடு ஜன்னலில் வைப்பது வழக்கம். தெருவில் போகிறவருக்கு அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்துவிடும். நம் ஜன்னலிலும் போன வருஷத்திலிருந்து ஒரு தேவதூதன் நிற்கிறான். கீழ்வீட்டு ஓமா பாப்பாவுக்குக் கொடுத்தது. ஓமா என்றால் ஆச்சி. பாப்பா அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவர்களுக்கு எண்பத்தாறு வயது.

போன வருஷம் இருபத்திநாலாம் தேதி மத்தியானம் ஓமா எங்களைக் கீழே கூப்பிட்டார்கள். இங்கே பழைய ஆட்கள் மரத்தை முன்கூட்டியே வைக்க மாட்டார்கள், அன்றைக்குத்தான் ஜோடிப்பார்கள். நான் போய் நின்றபோது அறை நடுவே வெறும் மரம். பக்கத்தில் மூன்று அட்டைப்பெட்டி, ஒரு வாளித் தண்ணீர். கிளைகளில் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், அதற்காகத் தண்ணீர்.

முதல் பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது ஒரு கண்ணாடிக் குருவி. விரல் நீளம்தான் இருக்கும். காலுக்குப் பதில் ஒரு கிளிப், கிளையில் கவ்வி உட்கார்ந்துகொள்ளும். வால் இல்லை. கண்ணாடியை நூலாக இழுத்து வால் வைத்திருந்தார்களாம். 1945 பிப்ரவரி 13 ராத்திரி இந்த ஊரில் குண்டு விழுந்தபோது ஓமாவுக்கு ஏழு வயது. அவர்களுடைய அம்மா அந்தக் குருவியைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு நிலவறைக்கு ஓடியிருக்கிறார்கள். வால் அங்கேதான் நொறுங்கியது. போருக்குப் போவதற்கு முன் ஓமாவின் அப்பா வாங்கிக்கொடுத்த குருவி அது. அவர் திரும்பி வரவே இல்லை. "இது அப்பாவுடையது" என்று சொல்லித்தான் ஓமா அதைக் கிளையில் மாட்டினார்கள். எனக்குச் சொல்லவில்லை, மரத்துக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொன்னார்கள். இது என் தங்கச்சியுடையது. இது மூத்தவன் முதல் வகுப்பில் வைக்கோலில் கட்டிய நட்சத்திரம். கடைசியில் லமெட்டா. நம்ம ஜிகினா மாதிரி, வெள்ளி நிறத்தில் நீள நீளமான இழைகள். பழைய லமெட்டாவில் ஈயம் இருக்கும், கனமாகத் தொங்கும், அதனால் நேராக நிற்கும். பண்டிகை முடிந்ததும் ஒவ்வொரு இழையாக எடுத்து நீவி, செய்தித்தாளில் சுற்றி அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வார்களாம். அவர்கள் வீட்டில் அது கணவருடைய வேலை. அவர் இறந்த வருஷம் ஓமா மரமே வைக்கவில்லை. "அந்த ஒரு வருஷம்தான் இந்த வீட்டில் யாருடைய பெயரையும் சொல்லாமல் பண்டிகை போனது" என்றார்கள். என் ஜெர்மன் அரைகுறைதான் அம்மா, ஆனால் அந்த வாக்கியம் முழுசாகப் புரிந்தது. அப்போது அப்பா இருந்தார்கள். மறுநாள் காலையில் வீடியோவில் பாப்பாவுக்கு ஓலைக் கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டினார்கள்.

மேலே எங்கள் வீட்டு மரத்தில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பந்துகள் இருந்தன, ஒரே அளவில், ஒரே சிவப்பில் ஐம்பது. வாங்கும்போது அழகாகத்தான் இருந்தது. பாப்பா கீழே இருந்து ஏறி வந்ததும் ஒரு பந்தைத் தொட்டு, "அம்மா, இது யாருடையது?" என்று கேட்டாள். அடுத்ததைத் தொட்டாள். "இது?" யாருடையதும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அவளை மடியில் உட்காரவைத்து நம் வீட்டுப் பரணில் இருக்கிற நீல பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ராத்திரி பத்து மணி வரைக்கும் சொன்னேன்.

அப்பா சவுக்குக் கிளையைச் சைக்கிள் கேரியரில் கட்டி, தெருவெல்லாம் கூட்டிப் பெருக்கிக்கொண்டு வருவதைச் சொன்னேன். அதை மண்ணெண்ணெய் டின்னில் மணல் போட்டு நட்டு, பழைய சேலையைச் சுற்றி, கிளை மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டால் அதுதான் நமக்குப் பனி. இங்கே நிஜப் பனியைக் கையில் எடுத்தபோது எனக்கு அந்தப் பஞ்சுதான் ஞாபகம் வந்தது. பியூஸ் போன பல்புக்குத் தம்பி வெள்ளி பெயின்ட் அடித்தது, முட்டையில் ஊசியால் துளை போட்டு ஊதி எடுத்துவிட்டு ஓட்டில் கண்ணும் மூக்கும் வரைந்தது, சிகரெட் தாள் சுற்றிய தீப்பெட்டிகள், சித்தி அனுப்பிய வாழ்த்து அட்டைகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டது, எல்லாம் சொன்னேன்.

வளையல் சங்கிலியைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்கு நம்ப முடியவில்லை. "கண்ணாடி எப்படி வளையும்?" என்று கேட்டாள். உடைந்த வளையல் துண்டுகளை ஆச்சி வருஷம் முழுக்க ஒரு டம்ளரில் சேர்த்து வைப்பார்கள். டிசம்பர் பிறந்ததும், சிம்னியைக் கழற்றிவிட்டு விளக்குச் சுடரில் ஒவ்வொரு துண்டாகக் காட்டுவோம். சிவந்து இளகியதும் இடுக்கியால் வளைத்து, முனைகளைச் சேர்த்து, அடுத்த வளையத்தில் மாட்டுவோம். பச்சை உங்கள் கல்யாண வளையல். கருநீலம் பெரியத்தை. சின்னச் சின்னதாக இருக்கிற மஞ்சள் எனக்குப் போட்டது. விரல் சுட்டு எத்தனை தரம் கத்தியிருக்கிறேன்! ஆச்சி போன பிறகும் அந்தச் சங்கிலி நீண்டுகொண்டுதானே வந்தது?

இப்போது போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் லவுஷா என்ற ஊருக்குப் போனோம். துரிங்கியா மலைக்குள் இருக்கிறது. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குகிற கண்ணாடிப் பந்தை முதலில் ஊதியது அந்த ஊரில்தான் என்கிறார்கள். 1597இல் அங்கே கண்ணாடி உலை வைத்தார்கள். மரத்தில் ஆப்பிளும் கொட்டைகளும் தொங்கவிட்ட காலத்தில், அதற்குக் காசில்லாத ஒரு கண்ணாடித் தொழிலாளி தன் பிள்ளைகளுக்காகக் கண்ணாடியிலேயே பழம் ஊதினார் என்று கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, 1848ஆம் வருஷத்து ஆர்டர் புத்தகத்தில் ஆறு டஜன் கிறிஸ்துமஸ் பந்து என்று எழுதியிருக்கிறது. அப்புறம் ஊரே அந்த வேலையில் இறங்கிவிட்டது. ஆண்கள் ஊதுவது, பெண்கள் வெள்ளி பூசுவது, பிள்ளைகள் பெட்டியில் அடுக்குவது என்று வீட்டுக்கு வீடு நடந்திருக்கிறது. எனக்கு நம்ம பக்கம் ஓலைப்பெட்டி முடைகிற வீடுகள்தான் கண்ணில் வந்தன. தாத்தா ஈர்க்கு கிழிக்க, ஆச்சி முடைய, பிள்ளைகள் சாயம் நனைக்க.

ஒரு பட்டறையில் நின்று பார்த்தோம். ஒரு பெரியவர் கண்ணாடிக் குழாயை எரிவாயுச் சுடரில் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தார். கண்ணாடி சிவந்து, ஆரஞ்சாகி, பாகு மாதிரி இளகியது. ஒரே மூச்சு ஊதினார், பந்து வந்துவிட்டது. பாப்பா என் கையைப் பிடித்து இழுத்து, "ஆச்சி விளக்கு!" என்றாள். ஆமாம் அம்மா, அதே சுடர், அதே சிவப்பு. அப்புறம் பந்துக்குள் வெள்ளிக் கரைசலை ஊற்றி, வெந்நீரில் வைத்துக் குலுக்கினார்கள். கண் முன்னாலேயே அது கண்ணாடியாகிவிட்டது, நம் முகம் தெரிகிறது. நாம் பார்ப்பது வெளியே அடித்த நிறத்தை இல்லை, உள்ளே இருக்கிற வெள்ளியைத்தான்.

கடைசியில் ஒரு அம்மா பந்தின் கழுத்தை வெட்டி, சின்னத் தகர மூடியைக் கம்பியோடு உள்ளே செருகினார்கள். அந்த மூடியைப் பார்த்ததும் எனக்கு நிற்க முடியவில்லை.

தாத்தா கொழும்புக் கடையிலிருந்து வரும்போது கொண்டு வந்த சிவப்புப் பந்து. நம் மரத்தில் நிஜக் கண்ணாடி அது ஒன்றுதான். எனக்கு எட்டு வயது, தொடாதே என்றீர்கள், தொட்டேன். சிமெண்ட் தரையில் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டேன். அப்பா அடிக்கவில்லை. உடைந்த சில்லுகளையெல்லாம் கூட்டி எடுத்துவிட்டு, அந்தத் தகர மூடியை மட்டும் துடைத்து, வளையல் சங்கிலியின் முனையில் கட்டினார்கள். "தாத்தா பந்து இங்கதான் இருக்கு" என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் நீட்டிக் காட்டினார்கள். அன்றையிலிருந்து ஒவ்வொரு வருஷமும் சங்கிலியைச் சுற்றி முடித்ததும், அந்த மூடியை நடுவில் தெரிகிற மாதிரி மாட்டுவது அப்பாதானே? நீங்களோ நானோ ஒரு தடவை கூட மாட்டியதில்லை.

முதல் வருஷம், துக்க வீடு, வாசலில் ஸ்டார் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது என்று பெரியத்தை சொல்லியிருப்பார்கள். சரி, ஸ்டார் வேண்டாம். முந்திரிக்கொத்து வேண்டாம். கீத பவனி வந்தால் விளக்கை அணைத்துவிட்டுக்கூட இருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் உள் அறையில், அப்பா படத்துக்குக் கீழே, ஒரு முழம் சவுக்குக் கிளை போதும், ஒரு சொம்பில் வைத்து அந்த டின்னைத் திறங்கள். தம்பியிடம் சொல்லிவிட்டேன், இருபத்திரண்டாம் தேதி வந்து பரணில் ஏறி எடுத்துத் தருவான், நீங்கள் ஏணியில் ஏறாதீர்கள். மார்ச்சில் வந்தபோது பத்து நாளும் வீட்டில் ஆட்களாகவே இருந்தார்கள், எனக்கு அந்த டின்னைத் தொடக்கூட முடியவில்லை. உள்ளே எறும்போ துருவோ பிடித்திருந்தால் சொல்லுங்கள். தம்பியை மாட்டச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் அது யாருடையது என்று சொல்லி மாட்டச் சொல்லுங்கள். தீப்பெட்டியெல்லாம் அப்பா சுற்றியது. மூடியை மட்டும் நீங்களே மாட்டுங்கள் அம்மா.

இந்தப் பொட்டலத்தில் மிளகு கேக் என்று ஒரு பலகாரம் இருக்கிறது. பேர்தான் மிளகு, உள்ளே இருப்பது பட்டையும் கிராம்பும். அந்தக் காலத்தில் கிழக்கிலிருந்து வந்த வாசனைச் சாமான் எல்லாவற்றுக்கும் இங்கே மிளகு என்றுதான் பெயராம். புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் வாங்கினேன், எங்களிடமிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் கூட இல்லை. அப்பா ஞாயிறு பள்ளியில் சொல்வார்களே, 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு ஐயர், அவர் பிறந்த ஊர் அதுதான். ஐயர் பிறந்த ஊரில் நின்றுகொண்டு போன் பண்ணினால் அப்பா என்ன சொல்லியிருப்பார்கள் என்று அந்த ஸ்டேஷனில் ரொம்ப நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கேக்கில் பாப்பா சர்க்கரைப் பாகால் 'தாத்தா' என்று தமிழில் எழுதியிருக்கிறாள், முதல் தடவையாக, எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதில் துளை இருக்கிறது, நூல் கோத்துக் கிளையில் கட்டுங்கள். எறும்பு வந்தால் வரட்டும்.

எங்கள் மரத்தில் இந்த வருஷம் பிளாஸ்டிக் பந்துகள் இல்லை. ஓமா ஒரு மெழுகுவர்த்திப் பிடி தந்திருக்கிறார்கள். பாப்பா பள்ளியில் செய்த வைக்கோல் நட்சத்திரம் ஒன்று. லவுஷாவில் வாங்கிய பச்சைப் பந்து ஒன்று, அது உங்களுடையது என்று பாப்பா முடிவு செய்துவிட்டாள். கிலுகிலுப்பை அப்பாவுடையது. மற்ற கிளையெல்லாம் காலிதான், இருக்கட்டும்.

அந்தப் பையன் ஜனவரி பத்தாம் தேதிக்கு மேல்தான் திரும்புகிறான். மரத்தை எடுத்த பிறகு வளையல் சங்கிலியில் பாதியை அவனிடம் கொடுத்தனுப்புங்கள். மஞ்சளும் பச்சையும் சேருகிற இடத்தில் ஒரு வளையத்தைக் கழற்றினால் சரிபாதி வரும். உடைக்க வேண்டாம், சுடரில் காட்டி இளகியதும் இடுக்கியால் லேசாக இழுத்தால் வாய் திறக்கும், தம்பிக்குத் தெரியும். பஞ்சில் சுற்றி, முறுக்கு டின்னுக்குள் முறுக்குக்கு நடுவே வையுங்கள். தகர மூடி உங்களிடமே இருக்கட்டும்.

நம் பெரிய கடைவீதியில் பாப்பா அளவுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையலும் வாங்கி அனுப்புங்கள். அவளுடையது எப்படியும் உடையும்.

என்றும் உங்கள் ஜெபத்தை நாடும்,
உங்கள் மகள்