வந்து செல்லும் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நுரையீரல் மற்றும் குழந்தைநல சிறப்பு மருத்துவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் பயின்று ஆஸ்திரேலியாவுக்கு வரும் மருத்துவர்கள், மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டின் கட்டணம் பெறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் வரை மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளில் பணியாற்ற வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். இலங்கையிலும் இந்தியாவிலும் படித்த தமிழ் மருத்துவர்கள் பலரை நகரங்களுக்கு வெளியே கொண்டுவந்து சேர்த்தது இந்த விதிதான். அவர்களில், மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றியுள்ள பாலைநிலத்துப் பூர்வகுடிச் சமூக மருத்துவ நிலையங்களுக்கு ஓரிரு நாள் வந்து நோயாளிகளைப் பார்த்துத் திரும்புவோருக்கு, இங்கே பணிபுரியும் செவிலியர் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன்: ஒருமுறை வந்தவரே மறுமுறையும் வாருங்கள்.

இந்த வேண்டுகோளுக்கு இங்குள்ள நோயின் இயல்பே முதற்காரணம். மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிக் குழந்தைகளில் 1000 பேருக்கு 14 பேருக்காவது மூச்சுக்குழல் விரிவு நோய் இருப்பதாக 2002இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. செல்வ நாடுகளில் அரிதாகிவிட்டதாகக் கருதப்பட்ட நோய் இது. கைக்குழந்தைப் பருவத்திலேயே திரும்பத் திரும்ப வரும் மார்புத் தொற்றுகளும், நெரிசலான வீடுகளும், வீட்டுக்குள் சூழும் புகையும் சேர்ந்து மூச்சுக்குழல்களைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சளி இருமலை அந்தக் கட்டத்திலேயே அடையாளம் கண்டு, இரண்டு முதல் நான்கு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, இருமல் முற்றிலும் நின்றுவிட்டதா என்று பார்த்தால் பெரும்பாலான குழந்தைகளை நிரந்தரப் பாதிப்பிலிருந்து காக்கலாம். ஆனால் எல்லா வீட்டிலும் எல்லாக் குழந்தைகளும் இருமிக்கொண்டிருக்கும் ஊரில், சளி இருமலை நோயென்று கருதி மருத்துவ நிலையத்துக்கு வர வேண்டும் என்ற எண்ணம் ஒரு தாய்க்கு எப்படித் தோன்றும்? அந்தத் தாயின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் சொன்னால்தான் தோன்றும். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய முகம் வந்து அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டால் அந்த நம்பிக்கை வேரூன்றாது.

பெரியவர்களுக்கு ஸ்பைரோமெட்ரி என்னும், கருவியில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனையைச் செய்யும்போதும் இதே சிக்கல் எழுகிறது. ஒருவரின் அளவு இயல்பானதா என்று ஒப்பிட உதவும், 2012இல் வெளியான உலகளாவிய நுரையீரல் செயல்பாட்டுச் சமன்பாடுகளில் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கெனத் தனி அளவுகோல் வகுக்கப்படவில்லை. ஆகவே கருவி தரும் சதவீதத்தை மட்டும் நம்பி ஒருவருடைய நோயின் கடுமையை முடிவுசெய்வது பாதுகாப்பானதன்று. அவருடைய சென்ற ஆண்டு அளவோடு இவ்வாண்டு அளவை ஒப்பிட்டு, இடையில் எத்தனை முறை மார்புத் தொற்று வந்தது, இப்போது எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பவரே சரியாகக் கணிக்க முடியும். கோப்பில் எண்கள் இருக்கலாம்; மனிதரை நினைவில் வைத்திருப்பவர் வேண்டும்.

புகையிலையைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றை மறவாதிருங்கள். கால்நடைப் பண்ணைகளிலும் கிறித்தவ மிஷன் குடியிருப்புகளிலும் இம்மக்களின் உழைப்புக்கு ஈடாக மாவு, சர்க்கரை, தேயிலையோடு புகையிலையும் பங்கீடாகக் கொடுக்கப்பட்ட காலம் உண்டு. அந்தப் பழக்கத்தை இன்று அவர்களே பெருமுயற்சியோடு உதறிவருகிறார்கள். ஆஸ்திரேலியா முழுவதும் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பூர்வகுடி மக்களில் நாள்தோறும் புகைப்போர் 2018–19இல் 37 சதவீதமாக இருந்தது, 2022–23இல் 29 சதவீதமாகக் குறைந்தது. கடிந்துகொள்ளும் தொனி இந்த முயற்சிக்கு எவ்வகையிலும் உதவாது.

நீங்கள் வரும் நிலையங்கள் பலவற்றை நடத்துவதும் அவர்களே. 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் தொடங்கிய பூர்வகுடி மருத்துவ நிலையத்தின் வழியில், 1973இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் காங்கிரஸ் என்னும் சமூக அமைப்பு உருவானது. அன்று முதல் சமூகமே நிர்வகிக்கும் மருத்துவ அமைப்புகள் வளர்ந்துவருகின்றன. அங்கே நீங்கள் விருந்தினர். இதைக் குறையாக அன்றி வசதியாகவே கருதுகிறேன். யார் வீட்டில் துக்கம், யார் ஊரில் இல்லை, எந்தப் பாட்டியிடம் பேசினால் பேரனை அழைத்துவருவார் என்பதெல்லாம் அங்குள்ள பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளருக்குத் தெரியும். நோயாளிகளைப் பார்க்கத் தொடங்குமுன் அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். வார்ல்பிரி, அரெர்ண்டே, பிட்ஜன்ட்ஜாட்ஜாரா மொழி பேசுவோருக்கு மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். ஆங்கிலத்தில் தலையசைப்பதைச் சம்மதம் என்று கொள்ளாதீர்கள்.

2025 ஜூலையில் தொடங்கிய தேசிய நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒரே மருத்துவர் மீண்டும் மீண்டும் வர வேண்டிய தேவையை இன்னும் கூட்டுகிறது. 50 முதல் 70 வயதுக்குட்பட்ட, நீண்டகாலம் புகைத்தவர்களுக்கு இது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் வழங்குகிறது. ஸ்கேனில் ஒரு சிறு கட்டி தென்பட்டால், சில மாதம் கழித்து மீண்டும் எடுக்க வேண்டியிருப்பதை அச்சமூட்டாமல் விளக்கி, அந்நாளில் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, முடிவைச் சொல்லும் வரை பொறுப்பேற்க ஒருவர் வேண்டும்.

எனவே, அடுத்த சுற்றுக்கு ஒப்புக்கொள்ளுமுன் உங்களை அனுப்பும் மருத்துவமனையிடம் மூன்றாண்டுகளேனும் அதே ஊருக்கே அனுப்பும்படி கேளுங்கள். இடைப்பட்ட மாதங்களில் எங்கள் சுகாதாரப் பணியாளர் உங்களை நேரடியாக அழைத்துப் பேச ஒரு தொலைபேசி எண்ணையும், அதற்கென வாரத்தில் ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கித் தாருங்கள். நீங்கள் எழுதும் கடிதங்கள் நகரத்துக் கோப்புகளோடு நின்றுவிடாமல், அந்த வாரமே எங்கள் நிலையத்துக்கும் வந்துசேர வேண்டும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
மத்திய ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் ஒரு தமிழ்ச் செவிலியர்