காது கேட்கிறது என்பதோடு அனுப்பிவிடாதீர்கள்

இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சுகாதாரத் துறை, பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மண்டபம் பக்கத்து மீனவக் கிராமத்தில் இருந்து, காது கேட்டும் பேச்சு சரியாக வராத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். என் மகனுக்கு எட்டு வயது. மீன் கூடையைக் கவிழ்த்தால் காரல் வேறு, சூடை வேறு என்று மளமளவெனப் பிரித்துப் போடுவான். "சித்தி வீட்டுல வலை ஊசியும் நைலான் நூலும் வாங்கிக்கிட்டு, வர்றப்ப கடையில உப்பு வாங்கிட்டு வா" என்று அனுப்பினால் உப்போடு மட்டும் வந்து நிற்பான். நேற்று நடந்ததைக் கேட்டால், "அக்கா வந்தான்... அது... அங்க..." என்று சொல் கிடைக்காமல் தவித்து, கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான்.

மூன்று வயதில் நாக்கில் வசம்பு உரசித் தடவினோம். நாலு வயதில் ஒரு மருத்துவமனையில் காதைச் சோதித்தார்கள். "காது நல்லாக் கேக்குது, வளர வளரப் பேசிருவான்" என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளியில் கவனமில்லாத பையன் என்று பேரெடுத்தான். ஏழு வயதில்தான் மதுரையில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் அவனோடு பொறுமையாக உட்கார்ந்தார். படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார், அர்த்தமில்லாத சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்றார். மற்றவர் சொல்வதைப் புரிந்துகொள்வதும், நினைத்ததைச் சொல்லாக்கிப் பேசுவதும் பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்கும் குறைபாடு அது.

காது கேளாமையோ, ஆட்டிசமோ, அறிவுத்திறன் குறைவோ இதற்குக் காரணம் இல்லை. இங்கிலாந்தில் எடுத்த கணக்குப்படி 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 7 பேருக்கு இருக்கிறது. 30 பேர் வகுப்பில் 2 பேர். தாய் பேசாததால் வருவதும் இல்லை. "நீ விடியுமுன்னே பாசி எடுக்கப் போயிடுற, பிள்ளைகிட்ட யாரு பேசுறா?" என்று என்னைக் கேட்டவர்கள் இதைப் படிக்க வேண்டும். அந்தக் கேள்வியோடு நான் நாலு வருஷம் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு இருக்கிறது. ஆனால் குரல்வளை எடுத்தவர்கள், மூளை பாதித்துப் பேச்சிழந்தவர்கள் போன்றோரை வைத்துத்தான் அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, தெரியும். பிள்ளைகளுக்கு நோயோ குறைபாடோ இருக்கிறதா என்று மருத்துவக் குழு வந்து பார்க்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் உங்கள் கையில் இருக்கிறது. அதன் பட்டியலிலேயே மொழி வளர்ச்சித் தாமதம் உண்டு. அங்கன்வாடிக்கு வரும் அந்தக் குழு எடை, உயரம், கண், பல் பார்த்துவிட்டுக் கிளம்பாமல், நாலு வயதுப் பிள்ளையை ஒரு சின்னக் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கட்டும். எங்கள் பேச்சிலேயே கேட்கட்டும். பாடப்புத்தகத் தமிழில் கேட்டால் நன்றாகப் பேசும் பிள்ளையும் விழிக்கும். ஆப்பிள், ரயில் படங்களோடு வல்லம் படகு, நண்டு, வலை படங்களும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் காதுச் சோதனையோடு நிறுத்தாமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். அவரும் வாரத்தில் ஒரு நாளாவது மண்டபம் பக்கம் வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் மதுரைக்குப் போய்வந்தால் எனக்கு அன்றைய கூலி போச்சு.

என் மகன் வகுப்பில் இன்னொரு பிள்ளை இருக்கிறாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள். அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். அடுத்த தடவை குழு வரும்போது அவளை முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மீனவத் தாய்