செல்விக்கு, தீவிலிருந்து திரும்பிய பிறகு

கேரி, வட கரோலைனா
அக்டோபர் 5

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியை இரண்டு தடவை கேட்டேன். மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்றதும் மனசு லேசாகிவிட்டது. அண்ணன் ஓய்வு பெற்றபின் தினமும் துறைமுகப் பக்கம் நடக்கப் போகிறார் என்றாய். நீயும் கூடப் போ.

"அந்தத் தீவுல அஞ்சு நாள் என்னதான் செஞ்சீங்க, போரடிக்கலையா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் வரும். அடுத்த செப்டம்பரில் நீங்கள் வரும்போது உங்களை அங்கேதான் கூட்டிப்போகப் போகிறேன். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஊர் பெயர் ஓக்ரகோக். வட கரோலைனா கரைக்கு முன்னால் வரப்பு கட்டியது மாதிரி மணல் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன, அதில் ஒன்று. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் பாம்லிகோ என்ற பெரிய காயல். 25 கி.மீ. நீளம் இருக்கும், ஆனால் பல இடங்களில் கடலுக்கும் காயலுக்கும் நடுவே கொஞ்ச தூரம்தான். பாலம் கிடையாது. ஹட்டெரஸ் தீவில் காரோடு ஃபெர்ரியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், காசு வாங்குவதில்லை. வீடும் கடையும் எல்லாம் தென்மேற்கு முனையில் ஒரே கிராமமாக இருக்கின்றன. மற்றதெல்லாம் தேசியக் கடற்கரைப் பூங்கா என்பதால் கரையோரத்தில் ஒரு ஹோட்டல்கூட இல்லை. அந்த அமைதிக்குக் காரணம் அதுதான்.

காலையில் விடிவதற்கு முன்பே எழுந்து நடந்தோம். நம்மூர் மாதிரியே சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது. அலை வற்றுகிற நேரமாகப் பார்த்துப் போனால் சங்கும் சிப்பியும் நிறையக் கிடைக்கும். சின்ன உள்ளான் பறவைக் கூட்டம் ஒன்று அலை பின்வாங்கும்போது ஓடிப்போய்க் கொத்தும், அலை வரும்போது திரும்பி ஓடிவரும். கூழைக்கடா இங்கே பழுப்பு நிறம். நம் கூழைக்கடா மிதந்தபடியே மீனை அள்ளும். இது மேலிருந்து தலைகுப்புறத் தண்ணீரில் விழுகிறது. முதல் தடவை பார்த்தபோது அடிபட்டு விழுந்துவிட்டதோ என்று பதறிப்போனேன்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு முழ நீளத்துக்குச் சரம் ஒன்று கிடைத்தது. காய்ந்த வாழைநார் நிறத்தில் சின்னச் சின்ன வில்லைகள், மாலை கோத்தது போல ஒரே நரம்பில். கையில் எடுத்து ஆட்டினால் கலகலவென்று சத்தம். ஒரு வில்லையை நகத்தால் பிரித்தேன். உள்ளே வெந்தயம் அளவில் குட்டிச் சங்குகள், முப்பது நாற்பது இருக்கும்! ஒவ்வொன்றிலும் பெரிய சங்கில் இருக்கும் அதே சுழி. இங்குள்ள ஒரு வகைச் சங்கின் முட்டைச் சரம் அது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் செல்வி. உடனே உன் அப்பா ஞாபகம்தான் வந்தது.

கடலில் குளிப்பது பற்றிக் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். கோடை முடிந்ததும் உயிர்காப்பாளர்கள் போய்விடுவார்கள். செப்டம்பரில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் இழுப்பு பொல்லாதது. அலை உடையாமல், நுரை இல்லாமல் ஒரு இடம் மட்டும் சாந்தமாகத் தெரிந்தால் அங்கே இறங்கவே கூடாது. கரையில் ஏறிய தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வரவேண்டும். அண்ணனுக்கு நீச்சல் தெரியும் என்று அசட்டையாக இருந்துவிடாதே.

பகலில் வாடகை சைக்கிள். 1823-ல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் இன்னும் எரிகிறது. ஹவர்ட் தெரு என்று ஒரு மண் ரோடு. வயசான ஓக் மரங்களுக்கு அடியில் குடும்பம் குடும்பமாகச் சின்னக் கல்லறைகள், சுற்றிலும் வேலி. கொஞ்ச தூரத்தில் நான்கு பிரிட்டிஷ் மாலுமிகளின் கல்லறை இருக்கிறது. 1942 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பெட்ஃபோர்டுஷர் என்ற கப்பலில் இருந்தவர்கள். தீவுக்காரர்கள்தான் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு மே மாதமும் இன்றும் மரியாதை செய்கிறார்கள்.

2019 செப்டம்பரில் வந்த டோரியன் புயல் இந்த ஊரை மூழ்கடித்தது. எல்லாரும் கடல் பக்கம்தான் பயப்படுவார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் புயல்காற்று முதலில் காயல் தண்ணீரை உள்நாட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. அப்புறம் காற்று திசை திரும்பியதும் அத்தனை தண்ணீரும் பின்வாசல் வழியாகக் கிராமத்துக்குள் ஏறிவிட்டது, 7 அடி வரை. அதனால்தான் பல வீடுகளைத் தூண் மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மணல் தீவு நிலையாக நிற்காது, புயலில் மணல் கடல் பக்கமிருந்து காயல் பக்கம் வாரிப் போடப்பட்டு, தீவே மெல்ல நகர்கிறது. அது தெரிந்தும் அங்கே வாழ்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு. மணல்மேட்டுப் புல்லை மிதிக்காதே என்று போர்டு வைத்திருப்பார்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்லின் வேர்தான்.

சாயங்காலம் காயல் பக்கம். புன்னைக்காயலில் நாம் பார்ப்போமே, அதே மாதிரி அசையாத தண்ணீர், அதில் சூரியன் இறங்கும். கையில் ஆளுக்கொரு துண்டு அத்திப்பழக் கேக். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு அத்தி மரம். ராத்திரி தெருவிளக்கே இல்லாத கரையில் படுத்தால் பால்வெளி முழுசாகத் தெரிகிறது. மணல் நிற நண்டுகள் டார்ச் வெளிச்சத்தில் அப்படியே நிற்கும், அணைத்தால் ஓடும். ஆமை முட்டையிட்ட இடங்களைக் கம்பு நட்டு அடைத்திருப்பார்கள், அந்தப் பக்கம் மட்டும் வெளிச்சம் அடிக்கக் கூடாது.

பக்கத்தில் போர்ட்ஸ்மத் என்று ஆளில்லாத கிராமம் ஒன்று உண்டு. கடைசி இருவரும் 1971-ல் போய்விட்டார்கள். தேவாலயமும் தபால் ஆபீஸும் அப்படியே நிற்கின்றன. படகில் போகலாம். அதை உங்களுக்காக மிச்சம் வைத்திருக்கிறோம். கொசு அதிகமாம், முழுக்கைச் சட்டை கொண்டு வா.

பிரித்த அந்த வில்லையைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன். சங்கு குளிக்கப் போன உன் அப்பா ஒரு நாள் சங்குப்பூ, அதுதான் நம்மூர்ச் சங்கின் முட்டைக்கூடு, கொண்டுவந்து காட்டினாரே, அதற்குள்ளும் இப்படிக் குட்டிச் சங்கு இருந்ததா? தொட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, உள்ளே பார்த்தது ஞாபகம் இல்லை. உனக்குத் தெரிந்திருக்கும், எழுது.

அன்புடன்,
ஜெயா