அறிவியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. ஒரு கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வந்தது பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கான ஞாயிறு வேதியியல் வகுப்பைப் பற்றி.

முந்தைய ஆண்டுகளில் அணுவை ஆராய்ந்த விஞ்ஞானிகளை வைத்து, தாம்சன் 1897, ரூதர்ஃபோர்டு 1911, நீல்ஸ் போர் 1913 என்றுதான் ஆரம்பிப்போம். பிள்ளைகள் ஆண்டுகளை ஒப்பித்துவிடுவார்கள், அணு பிடிபடாது. இந்த முறை தீயிலிருந்து ஆரம்பித்தோம். பழைய ஹீட்டர் சுருளில் வெட்டிய நிக்ரோம் கம்பி, ஸ்பிரிட் விளக்கு, சாப்பாட்டு உப்பு, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). உப்புக்கு மஞ்சள், மயில்துத்தத்துக்குப் பச்சை வர வேண்டும். முதல் ஞாயிறு எல்லாமே மஞ்சளாக எரிந்தது. வெறும் கம்பிகூட மஞ்சள்தான். ரொம்ப நேரம் முழித்த பிறகு, கம்பியை வியர்வைக் கையோடு பிடித்துக்கொண்டிருந்தது உறைத்தது. வியர்வை உப்பிலிருக்கும் துளி சோடியம் போதும், மற்ற நிறங்களை மூடிவிடும். மறுவாரம் கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்து, நன்றாகக் காய்ச்சிச் சுத்தம் செய்தோம். பச்சை வந்தது. பிழை செயலாளருடையது என்று குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

அப்புறம் அட்டைப்பெட்டியில் மெல்லிய பிளவு வெட்டி, பழைய சி.டி.யை உள்ளே சாய்த்து வைத்து நிறமாலை, அதாவது ஒளி நிறங்களாகப் பிரிவதைப் பார்த்தோம். எல்.இ.டி. விளக்கு தொடர்ச்சியான பட்டையாகத் தெரிந்தது. தனித்தனிக் கோடு பார்க்க சி.எஃப்.எல். விளக்கு வேண்டும், அதில் பாதரசத்தின் பச்சைக் கோடு 546 நானோமீட்டரில் பளிச்சென்று நிற்கும். இப்போது யார் வீட்டில் அது இருக்கிறது? ஓர் உறுப்பினர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கோடுகளைக் கண்ணால் பார்த்த பிறகு நீல்ஸ் போரின் அணுக் கணக்கு தானாக வந்தது. ஹைட்ரஜனில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய இரண்டாம் மட்டத்தின் ஆற்றல் −3.4 எலக்ட்ரான் வோல்ட், மூன்றாவதின் ஆற்றல் −1.51. வித்தியாசம் 1.89. ஆற்றலை அலைநீளமாக மாற்ற உதவும் 1240 என்ற எண்ணை அதால் வகுத்தால் 656 நானோமீட்டர், சிவப்பு. ஹைட்ரஜன் ஒளிரும் குழாய் வாங்க நம்மிடம் பணமில்லை, படத்தில்தான் காட்டினோம். இருந்தாலும் தான் போட்ட விடை படத்தில் அச்சாகியிருந்த எண்ணாகவே இருந்ததைக் கண்டு ஒரு மாணவி மூன்று முறை சரிபார்த்தாள்.

குண்டூர் கதையையும் சொன்னோம். 1868 ஆகஸ்ட் 18 அன்று, சென்னை மாகாணத்தில் இருந்த அந்த ஊரிலிருந்து ஜான்சன் என்ற பிரெஞ்சு வானியலாளர் முழு சூரிய கிரகணத்தை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் பிடிபட்ட ஒரு மஞ்சள் கோடு, சோடியத்தின் 589 நானோமீட்டர் கோட்டுக்கு அருகே இருந்தும் அதோடு ஒட்டவில்லை. அதுதான் ஹீலியம். பூமியில் வேதியியலாளர் ராம்சே அதைக் கண்டது 1895-இல்.

மாணவர்கள் அதிகம் இடறியது இரண்டு இடங்களில். ஒன்று, ஆர்பிட்டும் ஆர்பிட்டாலும். முன்னது போர் வரைந்த வட்டப்பாதை. பின்னது எலக்ட்ரான் இருக்க அதிக வாய்ப்புள்ள வெளிப்பகுதி, பாதையே அல்ல. பெயர் ஒட்டியிருப்பதால் குழப்பம். மற்றது 4எஸ் என்ற ஆர்பிட்டால். 3டி-க்கு முன்பே எலக்ட்ரான்களால் நிரம்புவதும் அதுதான், இரும்பு அயனியாகும்போது முதலில் காலியாவதும் அதுதான் என்றால் பிள்ளைகளுக்குக் கோபமே வருகிறது. இப்படி நிரம்பும் வரிசையைச் சொல்வது ஆஃபா தத்துவம். "ஆஃபா எந்த நாட்டு விஞ்ஞானி சார்?" என்றும் ஒருவன் கேட்டான். அது ஆளின் பெயரல்ல, கட்டியெழுப்புதல் என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல் என்றதும் வகுப்பே சிரித்தது. ஆசிரியர்களில் ஒருவர் சிரிக்கவில்லை.

உட்கருவைக் கடுகாக, 2 மில்லிமீட்டராக, வைத்தால் அணு 200 மீட்டர் அகலம் இருக்கும். இதைக் காட்ட மைதானத்தில் கடுகு போட்டு நடந்தோம். திரும்பி வந்தபோது கடுகைக் காணவில்லை.

மோல் கணக்கை அவசரமாக முடித்தோம். வெப்ப இயக்கவியலைத் தொடவே இல்லை. அது வரும் ஆண்டுக் கடன்.

பழைய சி.டி., ஹீட்டர் சுருள், சி.எஃப்.எல். விளக்கு வைத்திருப்பவர்கள் குப்பையில் போடாமல் மன்றத்தில் கொடுத்துவிடுங்கள். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்